காற்றைத் திறந்துவிட்டால் போதுமா?

- இரண்டாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு



நம் பாலிடெக்னிக்கில் யாராவது ஒருவர் பழைய யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் போதும். சுற்றிப் பத்துப் பேர் கூடிவிடுகிறோம். "ஓப்பன் ஃபில்டர் போடுறா", "பெரிய கார்பு மாட்டு", "கார்பன் ரீட் போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்" என்று ஆளுக்கொரு யோசனை. கூடவே செல்போனில் ஒரு வீடியோ ஓடும். அமெரிக்காவில் மணல்மேட்டின் மேல் நான்கு சக்கர ஏ.டி.வி. ஒன்று அலறிக்கொண்டு ஏறுகிற வீடியோ. "பாத்தியா, இதுவும் டூ ஸ்ட்ரோக்தான், இதுவும் யமஹாதான். இன்டேக்கை மாத்தினதும் எப்படிப் பறக்குது பார்!" என்பார்கள்.

பறக்கிறது, உண்மைதான். ஆனால் எதனால் பறக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இன்டேக்கை மாற்றுவது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. கணக்குப் போடாமல் மாற்றுவதுதான் தப்பு. அதிலும் டிப்ளமோ படிக்கிற நாம் அப்படிச் செய்வது இரட்டைத் தப்பு. இதுவே என் தாழ்மையான கருத்து. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

மணல்மேட்டுக் குதிரை

அந்த வீடியோவில் வருகிற வண்டியின் பெயர் யமஹா பான்ஷி. அயர்லாந்து நாட்டுக் கதைகளில் ஓலமிடும் பெண் ஆவிக்குப் பான்ஷி என்று பெயர். வண்டியின் சத்தத்தைக் கேட்டால் பொருத்தமான பெயர் என்றே தோன்றும். 1987 மாடலாக வந்தது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், தண்ணீரால் குளிர்விக்கும் டூ ஸ்ட்ரோக் என்ஜின், ஆறு கியர், ரீட் வால்வு, 26 மி.மீ. மிகுனி கார்புரேட்டர் இரண்டு. அமெரிக்கச் சந்தையில் 2006 மாடல் வரை விற்றார்கள். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு இத்தகைய வண்டிகளுக்கு 2002-ல் போட்ட புகை விதி, 2006 மாடலிலிருந்து நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அத்தோடு அங்கே பான்ஷியின் காலம் முடிந்தது. ஆனாலும் கலிபோர்னியாவில் கிளாமிஸ் என்கிற மணற்குன்றுப் பகுதியில் இன்றைக்கும் பழைய பான்ஷிகளைச் சீர்செய்து ஓட்டுகிறார்கள்.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பான்ஷியின் போர் 64 மி.மீ., ஸ்ட்ரோக் 54 மி.மீ. நம் நாட்டில் 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி கொண்டுவந்த ராஜ்தூத் 350 வண்டிக்கும் இதே 64, இதே 54! ராஜ்தூத் 350 என்பது யமஹா ஆர்.டி.350-ன் இந்தியப் பதிப்பு; காற்றால் குளிர்வது. பான்ஷி, அதே குடும்பத்தில் பின்னால் வந்த தண்ணீர் என்ஜின் வழியில் பிறந்தது. இரண்டும் பங்காளிகள் என்றே சொல்லலாம். நம் ஆர்.எக்ஸ்.100 அதே வீட்டின் கடைக்குட்டி. 1985-ல் வந்தது, 1996-ல் உற்பத்தி நின்றது. 98 சி.சி., 50-க்கு 50 போர், ஸ்ட்ரோக், 20 மி.மீ. மிகுனி, அதிலும் ரீட் வால்வு. ஆகவே பான்ஷிக்கு உள்ள நியாயம் ஆர்.எக்ஸுக்கும் உண்டு, பான்ஷிக்கு வரும் வியாதி ஆர்.எக்ஸுக்கும் வரும்.

உள்ளே நடப்பது என்ன?

லேபில் டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு போர்ட் டைமிங் டயகிராம் போடுகிறோமே, ஞாபகம் இருக்கிறதா? ஃப்ளைவீலில் சாக்பீஸால் குறி வைத்து, நூல் சுற்றி அளந்து, கோணம் கண்டுபிடித்து, வட்டம் வரைந்து, சாரிடம் கையெழுத்து வாங்கி, ரெக்கார்டு நோட்டை மூடி வைத்துவிடுகிறோம். அந்த வட்டத்துக்குள்தான் இந்த விஷயம் முழுக்க இருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் நேராக சிலிண்டர் தலைக்குப் போகும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே கிராங்க் கேஸில் அழுத்தம் குறைகிறது. அதனால் கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது அங்கே அமுங்கி, பிறகுதான் டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே போகிறது. அதாவது வாசலில் நுழைகிற காற்று முதலில் கிராங்க் பேரிங்கையும் கனெக்டிங் ராடின் பெரிய முனையையும் தொட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிஸ்டனே கதவாக வேலை செய்கிற பழைய அமைப்பில், இன்லெட் போர்ட் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் திறக்கிறதோ, உச்சியைத் தாண்டி அத்தனை டிகிரி பின்னால்தான் மூடும். வேறு வழியில்லை. மெதுவாக ஓடும்போது, மூடுவதற்குள் கொஞ்சம் கலவை வந்த வழியே திரும்பித் துப்பப்படும். இதைத் தடுக்கத்தான் ரீட் வால்வு. கூடாரம் மாதிரி ஒரு கூடு, அதன் மேல் மெல்லிய இதழ்கள். உள்ளே அழுத்தம் குறைந்தால் இதழ் வளைந்து திறக்கும். அழுத்தம் கூடினால் தானே படிந்து மூடும். கேம் இல்லை, புஷ் ராடு இல்லை. நம்மூர் அடிபம்பில் இருக்கிற தோல் வால்வு செய்கிற அதே வேலை.

கடையில் விற்கும் சாமான்கள்

இன்டேக் அப்கிரேடு என்ற பெயரில் பான்ஷிக்காரர்கள் செய்வது பெரும்பாலும் நான்கு வேலை.

ஒன்று, ஏர் பாக்ஸின் மூடியைக் கழற்றுவது. கம்பெனி மூடி போட்டது சத்தத்தைக் குறைக்க, தண்ணீரும் மணலும் உள்ளே வராமல் காக்க. அதைக் கழற்றினால் காற்று தாராளமாக வரும். இரண்டு, ஃபில்டரை மாற்றுவது. சிலர் ஏர் பாக்ஸையே தூக்கிவிட்டுக் கார்புரேட்டர் வாயில் கூம்பு ஃபில்டர் மாட்டுவார்கள். மூன்று, ரீட் கேஜை மாற்றுவது. எஃகு இதழுக்குப் பதில் கண்ணாடி இழை, கார்பன் இழை இதழ்கள். வி-ஃபோர்ஸ் என்ற பெயரில் வருகிற கூட்டில் ஒரு கூடாரத்துக்குப் பதில் இரண்டு கூடாரம், இதழ்களும் இரட்டிப்பு. அதனால் ஒவ்வொரு இதழும் பாதி தூரம் வளைந்தாலே போதும். அவ்வளவு காற்றும் போய்விடும். குறைவாக வளைகிற இதழ் சீக்கிரம் மூடும், நீண்ட நாள் உழைக்கும். நான்கு, பெரிய வாய் கார்புரேட்டர்.

நான்குமே அறிவுள்ளவர்கள் யோசித்துச் செய்த சாமான்கள்தான். ஏமாற்று வேலை இல்லை. ஆனால் அங்கே விவரம் தெரிந்த ஆள் மூடியைக் கழற்றினால், அதே நாளில் மெயின் ஜெட்டையும் மாற்றுவான். ஜெட் மாற்றாமல் மூடியைக் கழற்றாதே என்பது பான்ஷிக்காரர்களிடையே அரிச்சுவடிப் பாடம். நம்மூருக்கு வரும்போது கூம்பு ஃபில்டர் மட்டும் வந்தது. அரிச்சுவடி அங்கேயே நின்றுவிட்டது!

ஒரு சின்னக் கணக்கு

ஆர்.எக்ஸ்.100-க்கு 20 மி.மீ. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு 24 மி.மீ. போடுகிறோம் என்று வையுங்கள். "நாலு மில்லிமீட்டர்தானே" என்பார்கள். பரப்பைக் கணக்கிடுங்கள். 20-க்கு 314 சதுர மி.மீ., 24-க்கு 452 சதுர மி.மீ. வழி 44 சதவீதம் பெருத்துவிட்டது!

இப்போது காற்றின் வேகம். 7500 ஆர்.பி.எம்.மில் என்ஜின் நொடிக்கு 125 சுற்று. ஒரு சுற்றுக்கு 98 சி.சி. முழுசாக இழுக்கிறது என்று வைத்தால் நொடிக்குச் சுமார் 12 லிட்டர். 20 மி.மீ. வாயில் சராசரி வேகம் நொடிக்கு 39 மீட்டர். 24 மி.மீ. வாயில் 27 மீட்டர். (உண்மையில் இதழ் திறந்திருக்கும் நேரம் மட்டும்தான் காற்று ஓடும், ஆகவே வேகம் இதைவிடக் கூட. ஒப்பிட்டுப் பார்க்க இந்தச் சராசரி போதும்.)

கார்புரேட்டரில் பெட்ரோலை மேலே இழுப்பது எது? காற்றின் வேகத்தால் உண்டாகிற அழுத்தக் குறைவு. பெர்னூலி தேற்றம், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அதேதான். இழுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 39-லிருந்து 27-க்கு வந்தால் இழுவிசை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. என்ஜின் டாப்பில் கத்தும்போது அது சமாளிக்கலாம். ஆனால் 2500 ஆர்.பி.எம்.மில், பஸ்ஸுக்குப் பின்னால் மூன்றாம் கியரில் உருட்டும்போது? 20-ல் 13 மீட்டராக இருந்த வேகம் 24-ல் 9 மீட்டர். வண்டி மூச்சு முட்டும், இழுக்காது. பிறகு "கம்பெனி வண்டி பிக்கப்பே நல்லா இருந்துச்சு" என்று புலம்புவோம். நாள் முழுக்க டாப்பில் ஓடுகிற ரேஸ் வண்டிக்கு நல்லது, நம் கடைவீதிக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஏர் பாக்ஸ் மூடிக்கும் இதே நியாயம்தான். மூடி இருக்கும்போது அது காற்றைக் கொஞ்சம் தடுப்பதால், கார்புரேட்டர் வாயில் அழுத்தம் சற்றே குறைந்து, அதுவும் சேர்ந்து ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கும். மூடியை எடுத்தால் காற்று கூடுகிறது. அந்தக் கூடுதல் இழுவை போய்விடுகிறது. இரண்டு பக்கமும் கலவை ஏழையாகிறது. நம் பாஷையில் சொன்னால் லீன்.

லீன் ஆனால் என்ன ஆகும்?

ஃபோர் ஸ்ட்ரோக்கில் எண்ணெய் தனி அறையில் இருக்கும். பான்ஷியில் அப்படி இல்லை. பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலந்து டேங்கில் ஊற்ற வேண்டும். எனவே பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்தது என்று அர்த்தம். காற்று கூடிய நேரத்தில், சூடு கூடிய நேரத்தில், எண்ணெய் குறைகிறது!

"எங்க ஆர்.எக்ஸ்-ல ஆட்டோலூப் பம்ப் தனியா இருக்கே" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. எண்ணெய் பம்ப் வழியாகத் தனியாக வருவதால் அந்த ஒரு ஆபத்து குறைவு. ஆனால் பெட்ரோல் எரிவதற்கு மட்டுமா உள்ளே வருகிறது? ஆவியாகும்போது கிராங்கையும் பிஸ்டனின் அடிப்பாகத்தையும் குளிர்விக்கிறது. அது குறைந்தால் பிஸ்டன் சூடாகும். அலுமினியப் பிஸ்டன், வார்ப்பிரும்பு ஸ்லீவ். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 50 மி.மீ. பிஸ்டன் மட்டும் வழக்கத்தைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் விட்டம் சுமார் 0.1 மி.மீ. பெருக்கும். பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் விடுகிற இடைவெளியே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அப்புறம் என்ன, பிஸ்டன் ஜாம்!

என்ஜின் ஜாம் என்றால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். கியரில் ஓடும்போது ஜாம் ஆனால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தால் பிழைக்கலாம். பிடிக்க எத்தனை நொடி கிடைக்கும்?

ஷெட்டில் பார்த்தது

என் தாய்மாமா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக டூ வீலர் ஷெட் வைத்திருக்கிறார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். லீவு நாளில் அங்கேதான் இருப்பேன். போன வருஷம் ஒரு ஆர்.எக்ஸ்.100-ஐ மினி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மில்லுக்கு வேலைக்குப் போகிற ஒரு அண்ணனின் வண்டி. அவருடைய அப்பா ஓட்டி, விட்டுப்போன வண்டி. வேறு எங்கோ ஏர் பாக்ஸைத் தூக்கிவிட்டுக் கூம்பு ஃபில்டரும் பெரிய கார்பும் மாட்டியிருக்கிறார்கள். மூன்று வாரம் "சூப்பரா" ஓடியதாம். பிறகு பைபாஸில் முழு திராட்டிலில் போகும்போது ஜாம். பின் சக்கரம் பூட்டி, விழுந்து, அண்ணனுக்குக் கழுத்து எலும்பு முறிவு. ஒன்றரை மாதம் மில் சம்பளம் இல்லை.

மாமா முதலில் ஹெட்டைக் கழற்றவில்லை. பிளக்கைக் கழற்றினார். காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய பீங்கான், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அடுத்து கார்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஜாயின்டை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். மயிரிழை மாதிரி வெடிப்பு. அதன் வழியாகவும் திருட்டுக் காற்று புகுந்திருக்கிறது. ஜெட், கடையில் டப்பாவோடு வந்த அதே ஜெட். யாரும் தொடவில்லை.

மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "காத்தத் தொறந்து உட்டானுங்க, செரி. பெட்ரோலுக்கு ஆரு கணக்குச் சொல்றது? பிளக்கு மூணு வாரமாக் கத்தியிருக்குது மாப்ள, ஒருத்தனும் எட்டிப் பாக்கல."

அந்த அண்ணனின் அம்மா ஷெட் வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏங் கண்ணு, நீ இந்தப் படிப்புத்தான படிக்கற? ஓடிட்டிருந்த வண்டிய எதுக்குப்பா இப்படிப் பண்றாங்க?" எனக்குப் பதில் தெரியும். ஆனால் அவருக்குப் புரிகிற மாதிரி, அவர் மகனைக் குறை சொல்லாத மாதிரி எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கு எழுதிய பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று எப்போதும் ஒன்றல்ல

இன்னொரு விஷயம். கிளாமிஸ் மணலில் கூட்டம் குளிர்காலத்தில்தான். பகலில் 25 டிகிரி, விடியற்காலையில் 5 டிகிரி என்று வைத்துக்கொண்டால், விடியற்காலைக் காற்று 7 சதவீதம் அடர்த்தி கூடியது. மத்தியானம் அளந்து போட்ட ஜெட் விடியற்காலையில் லீன் ஆகிவிடும். நம் ஊரில் இதற்கு நேர் எதிர்: சமவெளியில் சரியாக ஓடுகிற வண்டி ஊட்டிக்கு ஏறினால் புகை கக்கும். ஏனென்றால் சுமார் 2240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான். காற்று குறைந்தது, பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே "எனக்கு ஜெட் நம்பர் சொல்லுடா" என்று நண்பனிடம் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. அவன் நம்பர் அவன் வண்டிக்கு, அவன் ஊருக்கு, அவன் சைலன்சருக்கு. நம் நம்பரை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஃபில்டர் விஷயத்திலும் அப்படித்தான். ஃபில்டரே வேண்டாம், வாயைத் திறந்தே விடு என்கிற வீரர்களும் இருக்கிறார்கள். முன்னால் சொன்னேனே, டூ ஸ்ட்ரோக்கில் காற்று முதலில் பேரிங்கைத் தொடுகிறது என்று. நம் ரோட்டுத் தூசி நேரே கிராங்க் பேரிங்கில் போய் உட்காரும். மணலிலேயே வாழ்கிற பான்ஷிக்காரன் ஃபில்டர் ஸ்பாஞ்சை எண்ணெயில் நனைத்து, பிழிந்து, ஓரங்களில் கிரீஸ் தடவி மாட்டுகிறான். மணலைத் தெரிந்தவன் அவன்.

மறுப்பவர்களுக்கு

"கம்பெனிக்காரன் வேண்டுமென்றே பவரைக் குறைத்துத்தானே கொடுக்கிறான்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ராஜ்தூத் 350-ஐயே ஜப்பான் வண்டியைவிடப் பவர் குறைத்துத்தான் இங்கே விற்றார்கள். மைலேஜ் கேட்கிற நாடு இது. சத்தம், புகை, மைலேஜ், ஆயுள் என்று நாலு பேருக்குப் பங்கு வைத்த பிறகு மிஞ்சியதுதான் பவர். அந்தப் பாகப்பிரிவினையை மாற்றி எழுத நமக்கு ஆசை இருக்கலாம். ஆனால் ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும் என்று தெரிந்து எழுத வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க இடமுண்டு. பான்ஷி ரோட்டு வண்டியே அல்ல, மணலில் ஓடுவது. நாம் ஓட்டுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற ரோட்டில். இதையும் மறக்கக் கூடாது.

"டூ ஸ்ட்ரோக்கே செத்துப்போச்சு, இதைப் படிச்சு என்ன ஆகப் போகுது?" என்று இன்னொரு கட்சி. சாகவில்லை நண்பர்களே! தோட்டத்தில் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரிலும் புல் வெட்டும் மெஷினிலும் மரம் அறுக்கிற வாளிலும் டூ ஸ்ட்ரோக் ஓடுகிறது. கே.டி.எம். கம்பெனி 2018 மாடலில் பெட்ரோலை இன்ஜெக்டர் மூலம் தருகிற டூ ஸ்ட்ரோக் பைக்கையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்படியே செத்துப்போனாலும், காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கு சாகாது.

அளந்தவன் ஜெயித்தான்

வரலாற்றிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக் என்ஜினை மலிவுச் சாமான் என்று உலகம் நினைத்திருந்த காலம். கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்கிற என்ஜினியர். வசதி குறைந்த நாடு, வசதி குறைந்த கம்பெனி. டேனியல் சிம்மர்மன் என்பவர் தன் சொந்த ரேஸ் வண்டிக்குச் செய்த சுழல் தட்டு வால்வை எடுத்து இன்டேக்குக்குப் பயன்படுத்தினார். சைலன்சருக்குள் அழுத்த அலை எப்படிப் போய்த் திரும்புகிறது என்பதை ஆசிலோஸ்கோப் வைத்துப் பார்த்தார். இன்டேக், சிலிண்டர், சைலன்சர் மூன்றும் ஒன்றுக்கொன்று பேசும்படி செய்தார். 1961-ல் அவருடைய 125 சி.சி. என்ஜின் 25 குதிரைத் திறன் கொடுத்தது. லிட்டருக்குக் கணக்குப் பார்த்தால் 200 குதிரைத் திறன்! அதே வருஷம் அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டுப் போய் ஜப்பானின் சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். வித்தையும் கூடவே போயிற்று.

இதில் நமக்குப் பாடம் என்ன? காடன் கடையில் சாமான் வாங்கி ஜெயிக்கவில்லை. அளந்து ஜெயித்தார். பணம் இல்லாதவனுக்கு அளவுதான் பணம். இது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய தைரியம் தருகிற செய்தி அல்லவா?

நாம் என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. நான்கு யோசனை வைக்கிறேன்.

முதலாவது, எதை மாற்றுவதற்கு முன்னாலும் என்ஜினில் திருட்டுக் காற்று இல்லை என்று நிரூபிக்க வேண்டும். கடைசியாக வந்த ஆர்.எக்ஸ்.100-க்கே சுமார் முப்பது வயது. ரப்பரும் ஆயில் சீலும் அந்த வயதில் எப்படி இருக்கும்? இதற்கு லீக் டெஸ்ட் இருக்கிறது. கார்பு வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் அடைப்பால் அடைத்து, சைக்கிள் பம்பால் 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, 6 நிமிடம் கேஜைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே நுரைக்கிறது என்று பார்க்கலாம். 6-க்கு மேல் ஏற்றக் கூடாது, சீல் பிதுங்கிவிடும். இந்தக் கருவியை நம் ஒர்க் ஷாப்பிலேயே லேத்தில் அடைப்பு கடைந்து செய்துவிடலாம்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஃபில்டர், கார்பு, ரீட் மூன்றையும் ஒரே நாளில் மாட்டினால், எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ரீட் இதழில் தொடங்குவதே என் சிபாரிசு. காற்றின் கணக்கை அதிகம் கலைக்காமல் பலன் தருவது அதுதான். அப்போதும் பிளக்கைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஜெட் மாற்றும்போது பெரிய ஜெட்டிலிருந்து தொடங்கிச் சின்னதுக்கு இறங்க வேண்டும். கலவை செழிப்பாக இருந்தால் பிளக் கருக்கும், புகை வரும், அதைத் துடைத்துவிடலாம். ஏழையாக இருந்தால் பிஸ்டன் போகும். அதைத் துடைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் பிளக் நிறம், அன்றைய வெப்பநிலை, ஜெட் நம்பர் மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். நமக்கு ரெக்கார்டு நோட்டு எழுதத் தெரியாதா என்ன?

நான்காவது, நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பழைய டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஒன்றை வாங்கி ஸ்டாண்டில் மாட்டி, துறை ஆசிரியர்களின் அனுமதியோடு, மாலை நேரத்தில் நாமே அளந்து பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். ரோட்டில் உயிரை வைத்துச் செய்கிற பரிசோதனையை ஸ்டாண்டில் செய்வோம். டவுனில் உள்ள அனுபவஸ்தர்களான மெக்கானிக்குகளை அழைத்து ஒரு நாள் பேச வைப்போம். அவர்கள் காதால் கேட்டுச் சொல்வதை நாம் கேஜால் சரிபார்ப்போம். இரண்டு பேருக்கும் லாபம்.

தோழர்களே! எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிற அன்று அவர் எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்த்துத்தான் பணத்தை எடுத்துத் தருவார். நம்மில் பாதிப்பேர் வீட்டில் இதே கதைதான். ஸ்பேனர் பிடிக்க மட்டும் என்றால் மாமா ஷெட்டிலேயே நான் கற்றுக்கொண்டிருக்கலாம், ஃபீஸே இல்லை. அப்பா தூக்குகிற மூட்டைக்கு ஈடாக நான் இங்கே வாங்குவது கணக்கு ஒன்றுதான். ஏன் என்று கேட்கிற பழக்கமும், அளந்து பார்க்கிற பழக்கமும்தான். அதைப் பரீட்சை ஹாலில் விட்டுவிட்டு, கூட்டத்தோடு சேர்ந்து கூம்பு ஃபில்டர் மாட்டினால், படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் என்ன வித்தியாசம்? படிக்காத என் மாமாவாவது பிளக்கைப் பார்க்கிறார்!

எனவே வண்டியை மாற்றுங்கள், தாராளமாக மாற்றுங்கள். காற்றுக்கு வழி விடுங்கள். ஆனால் வழி விடுகிற அன்றே பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் கணக்கு எழுதுங்கள். அந்தக் கணக்குப் போடத் தெரிந்தவன் டிப்ளமோக்காரன் என்று ஊர் சொல்லட்டும்!

அளப்போம்! அறிவோம்! பிறகு முடுக்குவோம்!